உங்கள் வீட்டில் உப்பு விளக்கா?

 

இளஞ்சிவப்புக் கல் ஒன்றைக் குடைந்து, அதனுள் சிறிய மின்குமிழ் ஒன்றைப் பொருத்தி, மரப்பலகை மீது நிறுத்தி விற்கப்படும் விளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்பு விளக்கு என்பது அதன் பெயர். வளைகுடா நாடுகளில் தொழில் செய்யும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது உம்மாவுக்கென்று அதைச் சுமந்து வருகிறார்கள். கலியாண வீட்டுக்கு ஹதியாவாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரத்தினபுரி, பலாங்கொடை, எகலியகொடை, தெஹியோவிட்ட, மாவனல்லை என்று நமது சப்ரகமுவ ஊர்களுக்கும், அவற்றைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் இப்போது அது வந்து சேர்ந்திருக்கிறது.

விளக்கோடு சேர்ந்து சில கேள்விகளும் வீட்டுக்குள் வருகின்றன. இதை வைத்தால் பிள்ளையின் இழுப்புக் குறையுமா? கண்ணூறு அணுகாதா? எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது? இரவு முழுவதும் எரிய விடலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது, அறிவு என்ன சொல்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இக்கேள்விகளுக்கு விடை காண்பது கடினமல்ல.

கல் எங்கிருந்து வருகிறது?

பெட்டியில் 'இமயமலை உப்பு' என்று எழுதியிருக்கும். ஆனால் இந்தக் கல் இமயமலைச் சிகரங்களில் வெட்டப்படுவதல்ல. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் மாவட்டத்தில் உள்ள கேவ்ரா என்ற சுரங்கமே இவ்வுப்புக்குப் பேர்போன இடம். அங்குள்ள மலைத்தொடருக்கே உப்பு மலைத்தொடர் என்றுதான் பெயர். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வற்றிப்போன ஒரு கடலின் உப்பு, பூமிக்கடியில் பாறையாக இறுகிக் கிடந்து இன்று வெட்டியெடுக்கப்படுகிறது. அதிலே கலந்துள்ள மிகச் சிறிதளவு இரும்புச் சத்தே அதற்கு அந்தச் சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் தொழுவதற்காக, சுரங்கத்தின் உள்ளேயே உப்புக் கற்களால் கட்டப்பட்ட சிறிய பள்ளிவாசல் ஒன்றும் உண்டு.

சுப்ஹானல்லாஹ்! படைத்தவனின் வல்லமையை நினைக்க வைக்கும் ஒரு பொருள்தான் அது. ஆனாலும் அது உப்புத்தான். உங்கள் குசினியில் போத்தலுக்குள் இருக்கும் உப்புக்கு எந்தக் குணமோ, அந்தக் குணமே அதற்கும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

இழுப்பு நோய்க்கு இது மருந்தா?

விளக்குச் சூடேறும்போது கல்லிலிருந்து நன்மை தரும் அயனிகள் வெளிப்பட்டு வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். உப்பு உருகுவதற்கே 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உள்ளே இருப்பதோ 15 வாட் மின்குமிழ். தொட்டால் கைக்கு இதமான சூடு, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் உப்பு ஆவியாகிக் காற்றில் கலப்பதில்லை. காற்றிலிருந்து கல் உறிஞ்சிக்கொண்ட ஈரம், சூடேறியதும் திரும்பவும் காற்றுக்கே போகிறது. இதைத் தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை. உப்பு விளக்கு இழுப்பைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

நமது பகுதிப் பிள்ளைகளின் நெஞ்சைப் பாதிக்கும் காரணங்கள் வேறு. காற்றோட்டமில்லாத லயன் காம்பராவுக்குள் நிறையும் விறகடுப்புப் புகை, ஈரச் சுவரில் படியும் பூஞ்சணம், மெத்தையிலும் தலையணையிலும் சேரும் தூசு, வீட்டுக்குள் புகைக்கப்படும் பீடி, சிகரட் ஆகியவைதான் அவை. விளக்குக்குக் கொடுக்கும் பணத்தில் அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி வைத்தால், அல்லது அடைத்துக் கிடக்கும் ஒரு ஜன்னலைத் திருத்தினால், அந்தப் பிள்ளைக்கு அது பெரிய உபகாரமாகும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் தினமும் பாவிக்கச் சொன்ன இன்ஹேலரை, "விளக்குத்தான் வீட்டில் இருக்கிறதே" என்று நிறுத்திவிட்டால், ஒரு மழைக்கால இரவில் பிள்ளை மூச்சுத் திணறும்போது தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மிக நீளமானதாக இருக்கும். எந்த நோயையும் அதற்கான நிவாரணி இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு, விலை கொடுத்து வாங்கிய கல்லை நம்பியிருப்பது அந்த வழிகாட்டலுக்கு ஏற்றதாகாது.

கண்ணூறுக்குக் காவலா?

உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் பழக்கம் நமது பெண்கள் மத்தியில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால்தான் 'உப்பு விளக்குத் தீய சக்திகளை விரட்டும்' என்று ஒருவர் சொன்னால் அது உடனே மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஊரிலே கேட்ட பேச்சுக்குப் புதிய பெட்டி ஒன்று கிடைத்தது போலத்தான் இது.

கண்ணூறு உண்மை என்பதை ஹதீஸ்கள் உறுதிப்படுத்துகின்றன. ஆனால் அதற்கான பாதுகாப்பையும் நபி (ஸல்) அவர்களே கற்றுத் தந்துவிட்டார்கள். ஸூரதுல் பலக், ஸூரதுந் நாஸ், ஆயதுல் குர்ஸி, காலை மாலை திக்ருகள் ஆகியவைதான் அவை. இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். காவல் தரும் என்ற நம்பிக்கையில் தாயத்துக்களைத் தொங்கவிடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். ஒரு கல் நம்மைக் காக்கும் என்று நம்பி அதை வீட்டில் வைத்தால், கழுத்தில் தொங்குவது மேசைக்கு மாறியது என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

ஸூரதுந் நூரின் 35ஆம் வசனத்தில் மாடம், விளக்கு, கண்ணாடி என்பவை வருகின்றன. அது அல்லாஹ்வின் ஒளிக்குச் சொல்லப்பட்ட உவமை. அதைக் காட்டி, விளக்குக்கே தனியான பரக்கத் உண்டென்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் இந்த விளக்கு ஹராமா? இல்லை. அழகான, மெல்லிய வெளிச்சம் தரும் ஒரு வீட்டுப் பொருள் என்ற எண்ணத்தில் வைப்பதற்குத் தடையில்லை. மகன் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்தால் முகம் மலர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். நிய்யத்தைச் சரிசெய்துகொண்டால் போதும்.

நமது மழையும் இந்தக் கல்லும்

இனி அறிய வேண்டிய முக்கியமான விடயத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் குசினியில் திறந்து வைத்த உப்பு நீர்த்துப்போவதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்புக்கூடக் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இரத்தினபுரியோ இலங்கையில் அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. அங்கு ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. உப்பு விளையும் அம்பாந்தோட்டைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதில் மூன்றிலொரு பங்குதான். ஆகவே வரண்ட பாலைவன நாட்டில் மாதக் கணக்கில் காய்ந்தபடி நிற்கும் அதே விளக்கு, தென்மேல் பருவ மழையில் நமது வீட்டு மேசையில் நின்றால் வியர்க்கும், பின்பு சொட்டும்.

சொட்டுவது வெறும் நீரல்ல, உப்பு நீர். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஹோல்டரையும் வயர் முனைகளையும் அது அரித்துத் துருப்பிடிக்க வைக்கும். விளக்கின் அடியிலே நீர், அந்த நீருக்குள்ளே 230 வோல்ட் மின்சாரம். தவழும் குழந்தை ஈரக் கையால் அதைத் தொட்டால் என்னவாகும் என்று சிந்தியுங்கள்.

ஈரமான ஊர்களில் உள்ளவர்களுக்கு விற்பவர்கள் சொல்லும் யோசனை, விளக்கை இரவும் பகலும் அணைக்காமல் எரிய விடுங்கள் என்பதாகும். சூடு இருந்தால் கல் காய்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் எரியும் 15 வாட் குமிழ் ஒன்று மாதத்துக்கு ஏறக்குறைய 11 அலகு மின்சாரத்தைத் தின்றுவிடும். முதல் 30 அலகுக்குள் பில்லை வைத்திருக்கப் பாடுபடும் குடும்பத்துக்கு இது சிறிய கணக்கல்ல. மாலையில் 4 மணித்தியாலம் மட்டும் எரித்தால் 2 அலகு கூட ஆகாது. பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்த்து வாங்குவது எப்படி?

இரத்தினபுரி மக்களுக்குக் கல் பார்க்கக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நீலக்கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும் அதே கண்ணால் இதையும் பாருங்கள். அசல் உப்புக் கல்லில் நிறம் ஒரே சீராக இராது. ஓரிடம் வெளிறியும் ஓரிடம் செம்மஞ்சளாகவும் இருக்கும், உள்ளே கோடுகளும் வெடிப்புப் போன்ற இழைகளும் தெரியும். வெளிச்சம் மங்கலாகவே வரும். கல் முழுவதும் ஒரே நிறமாக, பளீரென்று வெளிச்சம் தந்தால் அது கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கக்கூடும்.

நீலக்கல்லின் கடினம் 9 என்றால் உப்பின் கடினம் 2க்கும் இரண்டரைக்கும் இடையில்தான். ஒரு நாணயத்தால் அடிப்பக்கத்தை இலேசாகக் கீறினால் கோடு விழும். ஈர விரலால் தேய்த்து நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாரத்தையும் கவனியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அளவுள்ள உப்புக் கல் 2 கிலோவுக்குச் சற்று அதிகமாக நிறுக்கும்.

பெரிய கல் என்றால் மதிப்பு என்று எண்ண வேண்டாம். சிறிய குமிழின் சூடு பெரிய கல்லின் வெளிப்புறம் வரை எட்டாது. எட்டாத இடம்தான் முதலில் வியர்க்கும். நமது பகுதிக்கு 2, 3 கிலோ எடையுள்ள கல்லே பொருத்தமானது. சூடு தராத எல்.ஈ.டி. குமிழ் மின்சாரத்தைச் சேமிக்கும், ஆனால் கல்லைக் காய வைக்காது. அதைப் போட்டால் ஈரத்தை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டிவரும்.

கல்லைவிட வயரையே கூடுதலாகப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கு உரியதா, வயரில் வெட்டோ ஒட்டோ இருக்கிறதா, ஹோல்டர் கல்லின் துளைக்குள் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதைவிட, சாதாரண சுவிட்ச் உள்ளதே மேல். அமெரிக்காவில் 2017 ஜனவரியில் ஏறக்குறைய 80,000 உப்பு விளக்குகள் திரும்பப் பெறப்பட்டன. கூட்டிக் குறைக்கும் சுவிட்சோ பிளக்கோ சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். வளைகுடாவிலிருந்து வரும் விளக்குகளில் பெரும்பாலும் 13 ஆம்பியர் சதுர முள் பிளக் இருக்கும். நமது பழைய வீடுகளிலோ உருண்டை முள் சொக்கட். பேனை மூடியையோ குச்சியையோ செருகி அதற்குள் திணிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

* குசினி, குளியலறை, ஜன்னலோரம், ஈர உடுப்புக் காயப்போடும் மூலை ஆகியவை கூடாது. முன்னறையில் சுவரோரமாக, காய்ந்த இடத்தில் வையுங்கள்.
* மேசை மீதோ அலுமாரி மீதோ நேரடியாக வைக்காமல், விளிம்புள்ள பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டில் வையுங்கள். உலோகத் தட்டு வேண்டாம்.
* தொலைக்காட்சி, தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டி இவற்றின் மீதோ அருகிலோ வைக்காதீர்கள். உப்பு ஈரம் இரும்பை அரித்துவிடும்.
* வயரைச் சொக்கட்டுக்கு நேராக இறுக்கி இழுக்காமல், சொக்கட்டைவிடக் கீழே வளைந்து தொங்கும்படி விடுங்கள். வயர் வழியே நீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சொக்கட்டுக்குள் போகாது.
* ஒரே சொக்கட்டில் மல்டி பிளக் போட்டு அயன், கேத்தல், விளக்கு என்று எல்லாவற்றையும் கொளுவாதீர்கள்.
* திரைச்சீலைக்கும் நுளம்பு வலைக்கும் தூரமாக வையுங்கள்.
* குழந்தையின் கைக்கும் பூனையின் நாவுக்கும் எட்டக் கூடாது. உப்பின் சுவைக்காகப் பூனை கல்லை நக்கிப் பழகிவிட்டால் உடலில் உப்பு மிகுந்து நஞ்சாகும்.
* முஸ்ஹபும் கிதாபுகளும் உள்ள தட்டில் வைக்காதீர்கள். ஈரம் ஊறிப் பக்கங்கள் கெட்டுப்போகும்.
* தொழும் இடத்துக்கு நேர் முன்னால் வேண்டாம். எரியும் நெருப்பை முன்னோக்கித் தொழுவதை உலமாக்களில் ஒரு சாரார் வெறுத்திருக்கிறார்கள். மின்விளக்கு நெருப்பல்ல என்றாலும், கண்ணை இழுக்கும் பொருள் தொழுகையில் கவனத்தைக் கலைக்கும். பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையானால் உப்பு விளக்குக்கு மட்டுமல்ல, அந்த வீட்டின் எந்த மின்பொருளுக்கும் காவல் இல்லை.

குப்பி விளக்குக் கற்றுத் தந்த பாடம்

விளக்கால் வரும் ஆபத்து நமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. மின்சாரம் வருவதற்கு முன், வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, தகர மூடியில் துளையிட்டுத் திரி போட்ட குப்பி விளக்கிலேதான் நம் முன்னோர் சமைத்தார்கள், பிள்ளைகள் படித்தார்கள். அது சாய்ந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், உடுப்பில் தீப்பிடிக்கும். எரிகாயங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் ஏராளம்.

அப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் பாதுகாப்பான ஒரு குப்பி விளக்கை வடிவமைத்தார். குட்டையான மாமைட் போத்தலைப் பார்த்தே அந்த யோசனை அவருக்கு வந்தது. கட்டையாக, பாரமாக, சாய்ந்தாலும் உருளாதபடி இரு பக்கம் தட்டையாக, திருகி மூடும் உலோக மூடியோடு அந்த விளக்கு அமைந்தது. 'சுதீப' என்று பெயரிடப்பட்ட அவ்விளக்கை அவர் நாடெங்கும் பரப்பினார். 1998இல் உலகப் புகழ்பெற்ற றோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. விலையுயர்ந்த பொருள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. விளக்கு எப்படி நிற்கிறது, விழுந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் யோசித்தார். நாமும் நமது வீட்டு விளக்கைப் பற்றி அந்த இரண்டையும் யோசிக்க வேண்டும்.

இரவில் அணைத்துவிடுங்கள்

இப்போது, முன்னர் சொல்லாமல் வைத்த காரணத்துக்கு வருகிறேன். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நெருப்பு உங்களுக்கு எதிரி, ஆகவே தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற பொருள்பட அவர்கள் அறிவுறுத்தியதை அபூ மூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடலாம் என்று அதற்கான காரணத்தையும் மற்றொரு அறிவிப்பில் நபியவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இங்கே நுட்பமான ஒரு விளக்கம் தருகிறார்கள். பள்ளிவாசல் போன்ற இடங்களில் தொங்கவிடப்படும் விளக்குகளால் தீப்பற்றும் என்ற அச்சம் இருந்தால் அவையும் இந்தக் கட்டளைக்குள் வரும், அச்சம் இல்லையானால் எரிய விடுவதில் தவறில்லை, ஏனெனில் கட்டளைக்கான காரணம் அங்கே இல்லை என்பதே அதன் சாரம். இந்த அளவுகோலை நமது காலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கூரையில் உறுதியாகப் பொருத்தப்பட்ட மின்குமிழில் அந்த அச்சம் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி, வயரை அரித்து, யாரும் விழித்திராத நேரத்தில் சூடேறிக்கொண்டிருக்கும் உப்பு விளக்கில் அந்த அச்சம் அப்படியே இருக்கிறது. எலியின் இடத்தில் இப்போது துருப்பிடித்த ஹோல்டர் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 24 மணி நேரமும் எரிய விடுங்கள் என்ற விற்பனையாளரின் யோசனை நமக்கு வேண்டாம்.

அப்படியானால் கல் கரைந்துவிடாதா? அதற்கும் வழி உண்டு. இஷாவுக்குப் பின் வீட்டார் கூடியிருக்கும் நேரத்தில் எரிய விடுங்கள். படுக்கப் போகுமுன் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கல் ஆறியதும் காய்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். மறுநாள் திறக்கும்போது கல்லிலோ தட்டிலோ நீர் தெரிந்தால் அன்று கொளுவாதீர்கள். குமிழையும் வயரையும் கழற்றி, கல்லை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஹோல்டரில் துரு இருக்கிறதா என்று பார்த்த பின்பே மீண்டும் எரியுங்கள். மழை விடாத வாரங்களில் அதை மூடியே வைத்துவிடுவது நல்லது.

இரவில் கதவை மூடுவது, பாத்திரங்களை மூடி வைப்பது, தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டுவது, விளக்கை அணைப்பது ஆகியவற்றை அல்லாஹ்வின் பெயர் கூறிச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இன்றிரவே உங்கள் பிள்ளைகளை அழைத்து, இந்த வேலைகளை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுங்கள். ஒருவர் கதவை மூடட்டும், ஒருவர் சோற்றுப் பானையை மூடட்டும், மூத்த பிள்ளை ஒவ்வொரு பிளக்காகக் கழற்றட்டும். ஒவ்வொருவரும் 'பிஸ்மில்லாஹ்' சொல்லட்டும். பின்பு இரண்டு குல் அஊதுகளையும் ஓதி, அவர்களது உடலில் தடவிவிட்டுத் தூங்க வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது வீடுகளையும் பிள்ளைகளையும் தீயிலிருந்தும் நோயிலிருந்தும் வழி தவறிய நம்பிக்கைகளிலிருந்தும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.